கரடிப்பட்டி முனியன் மகள்

ஆவடி தொழிற்சாலைக் குடியிருப்பில் சொந்த ஊர் இல்லாதவர் என்று யாருமே கிடையாது. மாயவரம், சிவகாசி, பரமக்குடி, பண்ருட்டி என்று தமிழ்நாட்டின் மூலைமுடுக்கிலிருந்தெல்லாம் வேலைக்கு வந்து சேர்ந்தவர்கள். சாயங்காலம் குழாயடியில் குடத்தை வரிசையில் வைத்துவிட்டு நிற்கும்போது பெண்கள் பேசுவதில் முக்கால்வாசி ஊரைப் பற்றித்தான் இருக்கும். ஊர்த் தேர் எவ்வளவு உயரம், ஊர்த் தண்ணீரில் பருப்பு எவ்வளவு சீக்கிரம் வேகும், ஊர் மாம்பழத்தை நறுக்கினால் வாசனை எத்தனை வீடு தாண்டும் என்று போட்டி போட்டுக்கொண்டு சொல்வார்கள்.

பார்வதம் ஆவடிக்குப் பக்கத்திலேயே இருக்கும் பாடியில் பிறந்து பாடியில் வளர்ந்தவள். பாடியைப் பற்றிக் குழாயடியில் என்ன சொல்லிப் பெருமைப்படுவது? லாரி நிறைய வரும் என்று சொல்லலாம். கம்பெனிச் சங்கு வேளை தவறாமல் ஊதும் என்று சொல்லலாம். அதனால் அவள் வாயை மூடிக்கொண்டு குடத்தைப் பார்த்துக்கொண்டிருப்பாள். கல்யாணமாகி இந்தக் குடியிருப்புக்கு வந்த முதல் இரண்டு வருஷம் அப்படித்தான் போயிற்று.

அடுத்த வீட்டு ஜமீலாவுக்குத் தென்காசி. குற்றாலம் அவளுக்குக் கொல்லைப்புறம் மாதிரி. ஆனி பிறந்தால் போதும், இந்நேரம் அங்கே சாரல் விழும், மெயின் அருவியில் தண்ணீர் ஆர்ச்சைத் தொடும் என்று ஆரம்பித்துவிடுவாள். ஒரு கத்திரி வெயிலில், குழாயில் தண்ணீர் நூல் மாதிரி வந்துகொண்டிருந்த நாளில், ஜமீலா ஐந்தருவியைப் பற்றிச் சொல்லி முடிக்கும்போது பார்வதத்துக்கு உச்சி மண்டை காய்ந்துபோயிருந்தது. தன்னையறியாமல், "எங்க ஊர்லயும் அருவி கீது" என்று சொல்லிவிட்டாள்.

எந்த ஊர் என்று எல்லோரும் கேட்டார்கள். பார்வதத்தின் அப்பா முனியன் உயிரோடு இருந்த காலத்தில், நம்ம பூர்வீகம் தர்மபுரிப் பக்கம், அரூருக்கு அந்தாண்ட கரடிப்பட்டி என்று எப்போதாவது சொல்வார். காது குத்த ஒரே ஒரு தடவை அவளை அங்கே தூக்கிக்கொண்டு போயிருந்தார். ஊர் எல்லையில் படிக்கட்டு வைத்த ஒரு குளம், கரையில் இரண்டு மண் குதிரைகள், அதில் ஒன்றுக்குத் தலை இல்லை. அவளுக்கு நினைவிருந்தது அவ்வளவுதான். மற்றதெல்லாம் காது வலி.

அருவி வந்த பிறகு அது விழுவதற்கு ஒரு மலை தேவைப்பட்டது. மலை வந்ததும் அதன்மேல் ஒரு கோட்டை வந்தது. கோட்டை சும்மா கிடக்குமா, அதைக் காவல் காக்க ஒரு வீரன் வந்தான், வீரனுக்குக் கோயில் வந்தது. பாறையில் தேன் சொட்டியது. ஐந்தாறு வருஷத்தில் கரடிப்பட்டி குழாயடியிலேயே பெரிய ஊராகிவிட்டது. பார்வதத்தின் புருஷன் கலியமூர்த்தி அதிகம் பேசாத ஆள். தொழிற்சாலையில் கடைசல் வேலை. நாள் முழுக்க இரும்பு கத்துவதைக் கேட்டுவிட்டு வருவதால் வீட்டில் சத்தம் வேண்டாம் என்று இருப்பவர். அவரே ஒருநாள் சாப்பிட்டுக்கொண்டே, "அந்தக் கோட்டை போன வருஷம் இல்லியே?" என்று கேட்டார். பார்வதம் அவருக்கு இன்னொரு கரண்டி சாதம் போட்டாள். அவர் மேற்கொண்டு கேட்கவில்லை.

இப்படியே போயிருந்தால் ஒரு தொல்லையும் இல்லை. இராமகிருஷ்ணன் என்று ஒரு மனிதர் குடியிருப்போர் சங்கத்துக்குச் செயலாளராக வந்தார். அலுவலகத்தில் எழுத்தர். தோளில் ஜோல்னாப் பை, கழுத்தில் கேமரா, வாயில் பாரம்பரியம். வருஷா வருஷம் பொங்கல் விடுமுறைக்குச் சங்கம் சுற்றுலா போகும். மகாபலிபுரத்துக்கு எத்தனை தடவை போனார்கள் என்று யாருக்கும் நினைவில்லை. அங்கே சங்கு விற்பவன் இவர்களைப் பெயர் சொல்லிக் கூப்பிடும் அளவுக்கு ஆகியிருந்தது. எண்பத்தெட்டாம் வருஷப் பொங்கலுக்கு முன்னால் நடந்த கூட்டத்தில் இராமகிருஷ்ணன் எழுந்து, நம் கடற்கரையைப் பார்த்தது போதும், உள்நாட்டில் நம் மண்ணின் இயற்கையையும் பண்பாட்டையும் போய்ப் பார்ப்போம், அதற்கு நம்மிடையே ஒரு வழிகாட்டியும் இருக்கிறார் என்று சொல்லிவிட்டுப் பார்வதத்தைப் பார்த்துக் கும்பிட்டார். எல்லோரும் கை தட்டினார்கள். ஜமீலா எல்லோரையும் விட அதிகம் தட்டினாள்.

பார்வதம் சும்மா விடவில்லை. மறுநாளே இராமகிருஷ்ணன் வீட்டுக்குப் போய், அந்த ஊருக்கு ரோடு கிடையாது என்றாள். நடந்தால்தான் ஊர் தெரியும் என்றார் அவர். ஊரில் அம்மை போட்டிருக்கிறதாம் என்றாள். குழந்தைகளுக்கெல்லாம் ஊசி போட்டாயிற்று என்றார். கரடி நடமாட்டம் என்றாள் கடைசியாக. அது அன்று மாலைக்குள் குடியிருப்பு முழுக்கப் பரவி, வரமாட்டேன் என்று சொன்ன இரண்டு குடும்பங்களும் கரடியைப் பார்க்கவேண்டும் என்று குழந்தைகள் அழுத அழுகையில் பெயர் கொடுத்துவிட்டன.

வேன் பாடியிலிருந்து வந்தது. ஓட்டுநர் கஜபதி, பார்வதத்தின் பிறந்தகத்துக்கு அடுத்த தெருக்காரன். அவளைப் பார்த்ததும் ஸ்டியரிங்கிலிருந்து கையை எடுத்துவிட்டான்.

"இன்னாக்கா, கரடிப்பட்டின்றாங்கோ, உன் ஊருன்றாங்கோ. உனுக்கு ஊரு பாடிதானே?"

"வாய மூடிக்கினு வண்டிய ஓட்டு கஜபதி."

அவன் மூடிக்கொண்டான். ஆனால் பூந்தமல்லி தாண்டி, வேலூர் தாண்டி, திருப்பத்தூர் வரைக்கும் கண்ணாடியில் அவள் முகத்தைப் பார்த்துப் பார்த்துச் சிரித்துக்கொண்டே வந்தான். பார்வதம் வெளியே பார்த்தாள். ஊத்தங்கரைக்கு அப்புறம் சாலையின் இரண்டு பக்கமும் புளியமரங்கள் கைகோத்து நின்றன. வயலில் கேழ்வரகு அறுத்து முடித்திருந்தார்கள். தூரத்தில் மலை நீலமாகத் தெரிந்தது. மலை ஒன்று இருப்பதே அவளுக்குப் பெரிய ஆறுதலாக இருந்தது. இதுவரை ஒன்று சரியாக வந்துவிட்டது.

அரூரில் வழி கேட்டார்கள். மலையைப் பார்த்தே போனால் ஒரு பெரிய புளியமரத்தில் பாதை இரண்டாகப் பிரியும், அங்கே கேட்டுக்கொள்ளுங்கள் என்றார் பழக்கடைக்காரர். புளியமரம் வந்தது. பாதையும் இரண்டாகப் பிரிந்தது. கேட்கத்தான் ஆள் இல்லை. எதிரே ஒரு டீக்கடை, அதுவும் பொங்கல் என்று சாத்தியிருந்தது. கஜபதி வேனை நிறுத்திவிட்டுத் திரும்பி உட்கார்ந்தான். வேனில் இருந்த அத்தனை பேரும் பார்வதத்தைப் பார்த்தார்கள். இடது பக்கப் பாதையில் ஒரு மயில் சாவகாசமாக நடந்து போய்க்கொண்டிருந்தது. பார்வதம் மயில் போன பக்கம் கையைக் காட்டினாள்.

அந்தப் பாதை ஒரு பாறையடியில் போய் முடிந்தது. பாறையைச் சுற்றி ஓட்டு வீடும் கூரை வீடுமாக ஓர் ஊர். களத்தில் வைக்கோல் உதறிக்கொண்டிருந்தவர் வேனைப் பார்த்ததும் வைக்கோலைக் கீழே போட்டுவிட்டு வந்தார். அறுபது வயது இருக்கும். பெயர் நாகப்பன் என்று அப்புறம் தெரிந்தது. இது கரடிப்பட்டிதானே என்று இராமகிருஷ்ணன் கேட்டார். இதுதான் கரடிப்பட்டி, இதை விட்டால் வேறு எது கரடிப்பட்டி என்று அவர் சற்றுச் சூடாகவே பதில் சொன்னார். இராமகிருஷ்ணன் பார்வதத்தை முன்னால் தள்ளி, இவர்தான் உங்கள் ஊர்ப் பெண், முனியன் மகள் என்றார்.

நாகப்பன் அவளை உற்றுப் பார்த்தார்.

"எந்த முனியன்? மெட்ராசுக்கு ஓடிப்போன முனியனா?"

அப்பா மெட்ராசுக்குப் போனது நிஜம். நடந்து போனாரா, ஓடிப்போனாரா என்று பார்வதம் அவரிடம் கேட்டதில்லை. ஆமாம் என்று தலையாட்டினாள்.

அந்த ஒரு தலையாட்டலில் ஊரே திரண்டுவிட்டது. நாகப்பன் முனியனுக்குச் சித்தப்பா மகன், அதனால் பார்வதத்துக்குச் சித்தப்பா. மூக்கு அப்படியே முனியன் மூக்கு என்றார் அவர். மூக்கு இல்லை, மோவாய் என்றாள் ஒரு கிழவி. இரண்டு கட்சியும் அவள் முகத்தை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்பிப் பார்த்து வாதாடின. ஒரு பெண் பார்வதத்தைக் கட்டிக்கொண்டு அழுதாள். எதற்கு அழுகிறாள் என்று தெரியாவிட்டாலும், பார்வதத்துக்கும் அழுகை வந்துவிட்டது. பயத்தில் வந்ததுதான், ஆனால் பார்க்க நன்றாக இருந்தது. இராமகிருஷ்ணன் படம் எடுத்தார்.

வேன் முழுக்க வந்த ஜனத்துக்கும் சாப்பாடு போட்டார்கள். கேழ்வரகுக் களியும் பச்சை மொச்சைக் குழம்பும். களியை மெல்லக்கூடாது, குழம்பில் தோய்த்து அப்படியே விழுங்கவேண்டும் என்பது ஆவடியில் யாருக்கும் தெரியாது. ஜமீலா ஒரு வாய்க் களியை மென்றுகொண்டே இருந்தாள். மெல்ல மெல்ல அது வாயில் பெருகுவதுபோல் இருந்தது அவளுக்கு. பார்வதத்துக்கும் அது முதல் களிதான். ஆனால் எதிரே நாகப்பன் எப்படி விழுங்குகிறார் என்று பார்த்து, கண்ணை மூடிக்கொண்டு விழுங்கினாள். ரத்தம் எங்கே போகும் என்றாள் கிழவி.

சாப்பாடு முடிந்ததும் இராமகிருஷ்ணன் கையைத் துடைத்துக்கொண்டு, பார்வதம் சொன்ன கோட்டையைப் பார்த்துவிடலாமா என்று கேட்டார். பார்வதத்துக்கு விழுங்கிய களி நெஞ்சுக்கு ஏறியது. நாகப்பன் கொஞ்சம் யோசித்தார். கோட்டையா, பாண்டவர் வீட்டைச் சொல்கிறாளோ என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு நடந்தார்.

பாறைக் கரட்டுக்குப் பின்னால், சுற்றிலும் கல் வட்டம் போட்டு, நான்கு பலகைக் கற்களை நிறுத்தி மேலே ஒரு பெரிய கல்லை மூடிபோல் வைத்திருந்தார்கள். உயரம் பார்வதத்தின் இடுப்புக்கு வந்தது. உள்ளே மூன்று ஆட்டுக்குட்டிகள் படுத்திருந்தன. கோட்டை என்று ஐந்தாறு வருஷமாகக் கேட்டு வந்த ஜனம் ஆட்டுக்குட்டிகளைப் பார்த்துக்கொண்டு நின்றது. யாரோ பின்னால் களுக்கென்று சிரித்தார்கள். பார்வதம் பூமி பிளக்குமா என்று பார்த்தாள்.

இராமகிருஷ்ணன் செருப்பைக் கழற்றிவிட்டார். இது ராஜாக்களுக்கும் முந்திய காலத்துப் புதைகுழி, இரும்பை முதல்முதலில் உருக்கிய மனிதர்கள் தங்கள் பெரியவர்களுக்குக் கட்டியது, ராஜா கோட்டையெல்லாம் இதன் முன்னால் நேற்றுக் கட்டிய குவார்ட்டர்ஸ் என்று குரல் தழுதழுக்கச் சொன்னார். பிறகு பார்வதத்திடம் திரும்பி, நீங்கள் அடக்கமாகக் கோட்டை என்று மட்டும் சொல்லிவிட்டீர்களே என்று குறைபட்டுக்கொண்டார். பார்வதம் அடக்கமாகத் தலை குனிந்தாள். அவர் படம் எடுப்பதற்காக நாகப்பன் ஆட்டுக்குட்டிகளை வெளியே இழுத்துவிட்டார். படம் எடுத்து முடிப்பதற்குள் அவை திரும்ப உள்ளே போய்விட்டன.

வீரன் கோயிலும் இருந்தது. வேடியப்பன் என்று பெயர். வேப்பமரத்தடியில் வரிசையாக நட்டுவைத்த கற்கள். நடுவில் இருந்த கல்லில் ஓர் ஆள் வில்லை வளைத்து நிற்கிறான், காலடியில் ஒரு நாய். ஊர் மாட்டை ஓட்டிக்கொண்டு போனவர்களைத் துரத்திப்போய்ச் செத்தவன், எங்கள் பாட்டனுக்குப் பாட்டன் என்றார் நாகப்பன். பார்வதத்துக்கோ, தான் குழாயடியில் நின்று கற்பனையாகச் சொன்ன வீரன் இங்கே கல்லாக நின்றுகொண்டு தன்னைக் குறி பார்ப்பதுபோல் இருந்தது. பக்கத்தில் கலியமூர்த்தி கண்ணை இறுக மூடிக் கும்பிட்டுக்கொண்டிருந்தார். கோயில் குளம் என்று போகாத மனிதர். என்ன வேண்டிக்கொண்டீர்கள் என்று மெதுவாகக் கேட்டாள். மாட்டாம வூடு போய்ச் சேரணும்னு, என்றார்.

மிச்சம் இருந்தது அருவி. அருவியா, மேலே இருக்கிறது, ஆனால் மழைக்காலம் போய்விட்டதே என்றார் நாகப்பன். இவ்வளவு தூரம் வந்துவிட்டுப் பார்க்காமல் போவதா என்றாள் ஜமீலா. ஏறினார்கள். வழியில் இலந்தை உதிர்ந்து கிடந்தது. பிள்ளைகள் சட்டைப் பையில் நிரப்பிக்கொண்டார்கள். எட்டாத பாறை முகட்டில் மலைத்தேன் அடைகள் கறுப்புக் கறுப்பாகத் தொங்கின. அதைக் கண்டதும் வசந்தா, இராமகிருஷ்ணனின் மனைவி, தேன்கூட நிஜம்தான் என்று சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டாள். அப்போதுதான் பார்வதத்துக்கு ஒரு விஷயம் உறைத்தது. குழாயடியில் யாருமே தன்னை முழுசாக நம்பியிருக்கவில்லை.

மேலே போய்ச் சேர்ந்தபோது ஒரு கரும்பாறை ஈரமாக மின்னியது. அதன் நடுவில், ஆவடி குழாயில் தண்ணீர் நிற்கப்போகும் நேரத்தில் வருமே, அந்தக் கனத்தில் தண்ணீர் இறங்கிக்கொண்டிருந்தது. ஜமீலா முந்தானையைச் செருகிக்கொண்டு பாறையடிக்குப் போனாள். இரண்டு கையையும் குவித்துப் பிடித்தாள். கை நிறைய வெகுநேரம் ஆயிற்று. முகத்தில் அடித்துக்கொண்டாள், மறுபடி பிடித்துக் குடித்தாள்.

"தண்ணி நல்லா இனிக்கு, பார்வதம். குத்தாலத்துல இப்படி நின்னு குடிக்க முடியுமா? எண்ணெயும் சோப்பும் கூட்டமுமா, கிட்டக்கயே போக முடியாது" என்றாள்.

ஜமீலாவை அன்றுவரை பார்வதம் எவ்வளவோ மனசுக்குள் திட்டியிருக்கிறாள். அதையெல்லாம் அந்த நிமிஷமே வாபஸ் வாங்கிக்கொண்டாள்.

எல்லாம் நல்லபடியாக முடிந்தது என்று கீழே இறங்கி வந்தால், வேனின் படிக்கட்டில் ஓர் அம்மாள் உட்கார்ந்திருந்தாள். கட்டுமஸ்தான உடம்பு, நரைத்த கொண்டை, மடியில் ஒரு துணி மூட்டை. அவள் எழுந்தால்தான் யாரும் ஏற முடியும். எழுந்திருக்கும் உத்தேசம் அவளுக்கு இருப்பதாகத் தெரியவில்லை. கஜபதி இறங்கித் தள்ளி நின்று பீடி பிடித்துக்கொண்டிருந்தான். முகத்தைப் பார்த்தால் ஏற்கெனவே ஏதோ வாங்கிக் கட்டிக்கொண்டவன் மாதிரி இருந்தது. நாகப்பன் அந்த அம்மாளைப் பார்த்ததும், மாட்டுக்குத் தண்ணீர் காட்டவேண்டும் என்று சொல்லிவிட்டு நழுவினார்.

"நீதான் முனியன் பொண்ணா?"

ஆமாம் என்றாள் பார்வதம்.

"நான் நாகவல்லி. உங்கப்பன் எனக்குத் தாலி கட்ட வேண்டிய நாள்ல ஓடிப்போனான். சொல்லியிருக்கானா?"

பார்வதம் இராமகிருஷ்ணனைப் பார்த்தாள். அவர் கேமராவை மூடிக்கொண்டிருந்தார். கலியமூர்த்தி மலையைப் பார்த்துக்கொண்டிருந்தார். நாகவல்லி ஆரம்பித்தாள். பந்தல் போட்டதிலிருந்து ஆரம்பித்தாள். பந்தக்கால் எந்தக் காட்டில் வெட்டினது, அரிசி யார் வீட்டில் குத்தினது, மஞ்சள் பூசிக்கொண்டு அவள் எவ்வளவு நேரம் மணையில் உட்கார்ந்திருந்தாள், மாப்பிள்ளை கொல்லைப்பக்கம் போயிருக்கிறான் என்று சொல்லிச் சொல்லி எப்படிப் பொழுதை ஓட்டினார்கள், வந்த ஜனம் எப்படிச் சாப்பிட்டுவிட்டுச் சிரித்துக்கொண்டே போனது. அப்புறம் அவளுக்கு வேறு நல்ல இடத்தில் கல்யாணம் ஆயிற்று, நான்கு பிள்ளைகள், புருஷன் தங்கமானவர், அதெல்லாம் வேறு. ஆனால் அந்த மஞ்சள் காய்ந்து முகம் இழுத்துப் பிடித்தது இன்னும் மறக்கவில்லை என்றாள். முனியனுக்கு இருக்கிற பெயர்களையெல்லாம் சொன்னாள். பாதிப் பெயர்கள் ஆவடிக்காரர்கள் கேள்விப்படாதவை. பெண்கள் பிள்ளைகளின் காதைப் பொத்தினார்கள்.

அது என் அப்பா இல்லை என்று பார்வதம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். எங்கள் அப்பாவா, வேறு யாரோவா என்று அவளுக்கே தெரியாது. தவிர, அதைச் சொன்னால் மூக்கு, மோவாய், அழுகை, களி, கோட்டை எல்லாம் போகும். அதனால் தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டே நின்றாள். நியாயமாகச் சொன்னால், இப்படி ஒரு காரியத்தைச் செய்தவனைத் திட்டாமல் என்ன செய்வது என்றுகூட அவளுக்குத் தோன்றியது. ஆனால் நாகவல்லி கடைசியில், அவனைக் கட்டிக்கொண்ட உன் ஆத்தா ஒரு நாளாவது வயிறாரச் சாப்பிட்டிருக்க மாட்டாள் என்றாள். அங்கே பார்வதத்துக்குப் பொறுக்கவில்லை.

"எங்கப்பாவ அப்டி சொல்லாதே. சம்பளத்த உறையோட கொண்டாந்து எங்கம்மா கைல குடுப்பாரு. ஒரு நாள்கூட எங்கம்மாமேல கைய வெச்சதில்ல. எங்கம்மா படுத்த படுக்கையா இருந்தப்போ வேலைக்கும் போய்க்கினு, சோறும் ஆக்கிப் போட்டாரு. இன்னா வேணா சொல்லு, அத மட்டும் சொல்லாதே."

நாகவல்லி அவளையே பார்த்தாள். பிறகு முழங்காலில் கை ஊன்றி எழுந்து, மடியிலிருந்த மூட்டையைப் பார்வதத்தின் கையில் வைத்தாள். காய்ந்த மொச்சையும் புளியும். வெய்யில் தாழ்கிறது, போய்ச் சேருங்கள் என்று சொல்லிவிட்டு நடந்தாள்.

திரும்பும்போது புளியமரத்தடி டீக்கடை திறந்திருந்தது. எல்லோரும் டீ குடிக்க இறங்கினார்கள். பார்வதம் கால் நீட்டி நடக்கலாம் என்று வலது பக்கப் பாதையில் கொஞ்சம் போனாள். புதர் தாண்டியதும் நின்றுவிட்டாள். படிக்கட்டு வைத்த குளம். கரையில் இரண்டு மண் குதிரைகள். ஒன்றுக்குத் தலை இல்லை.

டீக்கடைக்காரரிடம் வந்து, அது என்ன ஊர் என்று சாதாரணமாகக் கேட்பதுபோல் கேட்டாள். அது மேல்கரடிப்பட்டி, நீங்கள் போய்விட்டு வருவது கீழ்க்கரடிப்பட்டி என்றார் அவர். பார்வதம் டீயை முழுசாக ஒரே மடக்கில் குடித்தாள். நாக்கு வெந்துபோனது. கலியமூர்த்தி அவள் முகத்தைப் பார்த்தார், குளத்துப் பக்கம் பார்த்தார், மறுபடி முகத்தைப் பார்த்தார். விஷயம் அவருக்குப் புரிந்துவிட்டது. தன் டம்ளரையும் அவளிடம் நீட்டினார்.

ஆவடிக்கு வந்த பிறகு குழாயடியில் பார்வதத்தின் மதிப்பு எங்கேயோ உயர்ந்துவிட்டது. இராமகிருஷ்ணன் சங்க அறிவிப்புப் பலகையில் ஆட்டுக்குட்டிகளோடு சேர்த்துப் பாண்டவர் வீட்டுப் படத்தை ஒட்டினார். ஆனால் பார்வதம் ஊரைப் பற்றிப் பேசுவதை அடியோடு நிறுத்திவிட்டாள். ஊரைப் பார்த்துவிட்டு வந்ததிலிருந்து ஏக்கம் போலிருக்கிறது என்று பெண்கள் பரிதாபப்பட்டார்கள். அவளுக்கோ அந்த மூட்டையிலிருந்த மொச்சையைக் குழம்பு வைக்கும்போதெல்லாம் மனசு குறுகுறுத்தது. யாருக்கோ வந்த சீரைத் தான் தின்கிறோமே என்றுதான்.

சித்திரையில் ஒரு காலைப்பொழுது, இராமகிருஷ்ணன் ஊரில் கொடுத்துவிட்டு வந்திருந்த விலாசத்தைக் கேட்டு வாங்கிக்கொண்டு நாகவல்லியே வந்து நின்றாள். கூடவே மூத்த மகன். எழும்பூர் கண்ணாஸ்பத்திரியில் காட்டவேண்டும், மகள் வீடு இருக்கும்போது வெளியில் ஏன் தங்குவது என்று நேராக வந்துவிட்டாள். ஒரு மூட்டை சாமை, ஒரு சாக்குப் புளி, ஒரு சேவல். சேவல் குடியிருப்பில் முதல் நாளே இரண்டு பேரைக் கொத்தியது. மகன் அம்மாவை விட்டுவிட்டு, ஆஸ்பத்திரியில் சொன்ன தேதிக்கு வருகிறேன் என்று ஊருக்குப் போய்விட்டான்.

வீட்டின் முன்னறையில் முனியனின் படம் மாட்டியிருந்தது. பார்வதம் அதைக் கழற்றி ஒளித்துவைப்பதற்குள் நாகவல்லி பார்த்துவிட்டாள். எழுந்து கிட்டே போய், நல்ல கண்ணை அருகில் வைத்துப் பார்த்தாள். பார்வதம் கையில் கரண்டியோடு சமையலறை வாசலில் நின்றாள்.

"நல்ல முகம்" என்றாள் நாகவல்லி. "இவரு எங்க முனியன் இல்ல."

பார்வதம் அத்தை என்று கூப்பிட்டு ஏதோ சொல்ல வந்தாள். நாகவல்லி கையமர்த்தினாள்.

"அன்னைக்கே தெரியும் எனக்கு. சம்பளத்தக் கொண்டாந்து குடுத்தாரு, சோறாக்கிப் போட்டாருன்னு சொன்னே பாரு, அப்பவே தெரிஞ்சுபோச்சு. எங்க முனியனுக்கு அவ்ளோ யோக்கியதை கெடையாது."

"அப்புறம் இன்னாத்துக்கு என்னை மவளேன்னு கூப்புட்டுக்கினு..."

"முப்பத்தஞ்சு வருசமா அவனத் திட்டறதுக்கு ஒரு ஆளு கெடைக்கல. அவன் ஆத்தா அப்பன் செத்துப்போனாங்க. நாகப்பன் என்னைக் கண்டாலே மாட்டப் பார்க்கப் போயிருவான். நீதான் தானா வந்து நின்னே, தலையக் குனிஞ்சு பூராவும் கேட்டே. என் பெத்த மகனுங்ககூட அவ்ளோ நேரம் கேட்டதில்ல. அன்னைக்கு வூட்டுக்குப் போய்ப் படுத்தேன், அப்படித் தூங்கினேன்."

பார்வதம் தரையில் உட்கார்ந்துவிட்டாள். சிரிப்பு வந்ததா, அழுகை வந்ததா என்று பிரித்துப் பார்க்க முடியவில்லை. இரண்டும் சேர்ந்து மூக்கில் வந்தது. நாகவல்லி சாவகாசமாக மணையை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, பசிக்கிறது என்றாள். தட்டு வைத்துச் சாதம் போட்டுக் குழம்பை ஊற்றும்போது, அப்படியானால் நிஜமாக உங்கள் அப்பன் எந்த ஊர் என்று கேட்டாள். இனி மறைக்க என்ன இருக்கிறது என்று பார்வதம் மேல்கரடிப்பட்டி என்றாள்.

நாகவல்லியின் கை தட்டிலேயே நின்றுவிட்டது.

"அவனுங்களா" என்றாள். ஏரி மதகைத் திருப்பிக்கொண்டது யார், வேடியப்பனுக்கு முதல் பொங்கல் வைக்கவிடாமல் கம்பு தூக்கிக்கொண்டு வந்தது யார், தாகத்துக்குத் தண்ணீர் கேட்டால் கிணறு வற்றிவிட்டது என்று சொல்லும் ஜனம் எது என்று வரிசையாகச் சொன்னாள். போகட்டும், தெரியாமல் பிறந்துவிட்டாய், இதை நம் ஊரில் யாரிடமும் மூச்சு விடாதே என்றாள் கடைசியில்.

பார்வதம் மேல்கரடிப்பட்டியை வளர்ந்த பிறகு பார்த்தது ஒரு புதர் ஓரமாக நின்று, டீ ஆறுவதற்குள். ஆனாலும் அவளுக்குச் சுரீரென்று கோபம் வந்தது. எங்கிருந்து வந்தது என்று அவளுக்கே தெரியவில்லை. எங்கள் ஊர்க்காரர்கள் மதகைத் திருப்பினார்கள் என்றால் உங்கள் ஊர்க்காரர்கள் அதற்கு முன்னால் என்ன செய்தார்களோ என்று கேட்டாள். எங்கள் ஊரில் கல்யாணத்தன்று யாரும் ஓடிப்போனதாக நான் கேள்விப்பட்டதில்லை என்றும் சொல்லிவிட்டாள். நாகவல்லி குழம்புக் கையோடு எழுந்து நின்றாள். மேலும் கீழும் இப்படி முட்டிக்கொண்ட சத்தத்தில் பின்கட்டிலிருந்த சேவல் கூவ ஆரம்பித்தது. என்னவோ ஏதோ என்று ஜமீலா கைவேலையைப் போட்டுவிட்டு ஓடி வந்தாள்.

இரண்டு பேரும் கப்சிப். ஜமீலா இருவர் முகத்தையும் மாற்றி மாற்றிப் பார்த்து, என்ன விஷயம் என்றாள். ஒன்றுமில்லை, ஊர்ப் பேச்சு, உட்காரு ஜமீலா என்றாள் பார்வதம். நாகவல்லியும் மறுபடி மணையில் உட்கார்ந்தாள். ஜமீலாவை மேலும் கீழும் பார்த்தாள்.

"உனக்கு எந்த ஊரும்மா?"

தென்காசி என்றாள் ஜமீலா.

"உங்கப்பன் பேரு என்ன?"

காஜா மைதீன் என்றாள் ஜமீலா, எதற்குக் கேட்கிறார்கள் என்று தெரியாமல். நாகவல்லி கொஞ்ச நேரம் நிஜமாகவே யோசித்தாள். பிறகு, அந்தப் பெயரில் எங்கள் பக்கம் யாரும் ஓடிப்போகவில்லை என்று வருத்தத்தோடு சொல்லிவிட்டு, பார்வதத்தின் பக்கம் தட்டை நகர்த்தினாள். பார்வதம் முறைத்துக்கொண்டே அவளுக்கு இன்னும் ஒரு கரண்டி குழம்பு ஊற்றினாள்.